எட்டு நிமிட மழை: தகரம், வாளி, இலை

இந்த மழை ஒலித்தொகுப்பில் மொத்தம் 163 வெட்டுகள், அதாவது ஒலியை வெட்டி ஒட்டிய இடங்கள். ஒவ்வொன்றும் எந்த விநாடியில் வருகிறது என்பது எனக்கு மனப்பாடம். நேற்றிரவு முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். அவற்றில் ஒன்றுகூடக் காதில் இடறவில்லை. அதனால்தான் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தூறலில் தொடங்கி, அடைமழையாகி, இடி முழங்கி, கடைசியில் இறவாரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வடியும் ஒரு மழை. எட்டு நிமிடம் இருபது விநாடி. பேச்சு இல்லை, இசை இல்லை. ஹெட்ஃபோனில் கேட்கிறவருக்கு ஒரு வாசலில் ஒதுங்கி நிற்பதுபோல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. சனி, ஞாயிறில் முடித்துவிடலாம் என்று தொடங்கியது ஏழு வாரம் இழுத்தது. முதல் இரண்டு பதிப்புகளும் தோற்றன. அவை தோற்ற விதத்தைத்தான் அதிகம் எழுதப்போகிறேன். மூன்றாவதில் சரியாக வந்த எதுவும் தானாக வந்ததல்ல.

கையில் இருந்தது கொஞ்சம்தான். முன்பக்கம் இரண்டு மைக் பொருத்திய கையடக்க ரெக்கார்டர், அதற்குப் பஞ்சு உறையும் காற்றுக்கான ரோம உறையும், சின்ன முக்காலி, அதிர்வை மின்சாரமாக்கும் 27 மில்லிமீட்டர் பீசோ தகடு ஒன்று, காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன், பழைய மடிக்கணினி. வெட்டிச் சுத்தம் செய்ய ஆடாசிட்டி மென்பொருள். அடுக்கிக் கலக்க ரீப்பர் மென்பொருள். இடியைத் தவிர எல்லாம் 48 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48,000 மாதிரிகள்), 24 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பு. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி பிடிக்கும். மொத்தம் 3 மணி 10 நிமிடம் பதிவு செய்தேன். செலவென்றால் பெரும்பாலும் நேரம்தான்: வெளியே நனைந்து நின்ற பொழுதுகளைச் சேர்க்காமல், மேசையில் மட்டும் 43 மணி நேரம். ஒவ்வொரு நாளும் குறித்துவைத்துக் கூட்டிய கணக்கு இது.

முதல் மழை நாளில் ரெக்கார்டரை ஜன்னல் திண்டில் வைத்து 40 நிமிடம் ஓடவிட்டேன். மறுநாள் கேட்டால் அதில் மழையே இல்லை. நிலையம் பிடிபடாத வானொலிபோல ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல். நேரில் நிற்கும்போது கண் பார்க்கிறது, மண் வாசனை வருகிறது, முகத்தில் சாரல் படுகிறது. காது அவற்றையெல்லாம் சேர்த்துக்கொண்டு மழையைக் கேட்கிறது. மைக்குக்கு அந்தத் துணை எதுவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஆயிரம் இடங்களில் விழுந்த துளிகள் எல்லாம் ஒரே தூரத்தில், ஒரே கலவையாக வந்து சேர்ந்திருந்தன.

போதாததற்கு, ஆட்டோ லெவல் ஆனில் இருந்ததை நான் கவனிக்கவில்லை. இடி விழுந்ததும் கருவி லெவலைச் சட்டென்று இறக்கியிருக்கிறது. ஓய்ந்ததும் மெதுவாக ஏற்றியிருக்கிறது. ஒவ்வோர் இடிக்குப் பின்னும் மழை இரண்டு விநாடி காணாமல் போய், பிறகு வீங்கிக்கொண்டு திரும்பி வருகிறது. வால்யூம் கோட்டைக் கையால் வரைந்து ஈடுகட்ட ஒரு மாலை முழுதும் முயன்றேன். கருவி எந்த வேகத்தில் இறக்கியது, எந்த வேகத்தில் ஏற்றியது என்பது இடிக்கு இடி மாறியிருந்தது. கோடு பொருந்தவே இல்லை. அன்றிலிருந்து ஆட்டோ லெவலை அணைத்துவிட்டுத்தான் மற்ற எதையும் தொடுகிறேன். கருவியின் உச்சி 0 டெசிபல்; மழையின் சராசரி மைனஸ் 30 டெசிபல் பக்கத்தில், உச்சம் மைனஸ் 12-ஐத் தாண்டாமல், கையால் வைக்கிறேன். இவ்வளவு தாழ்வாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். 24 பிட்டில் பிறகு ஏற்றிக்கொள்ள இடம் தாராளம். ஒருமுறை உச்சியில் மோதி வெட்டுப்பட்டதை மீட்பதுதான் கடினம்.

அந்த 40 நிமிடப் பதிவைத் தூக்கிப்போட மனம் வராமல் நாய்ஸ் ரிடக்‌ஷன் கொடுத்துப் பார்த்தேன். எது இரைச்சல் என்று மென்பொருளுக்கு ஒரு மாதிரி காட்ட வேண்டும். நான் காட்டிய மாதிரியில் இருந்ததே மழைதான். அது மழையைத் துடைத்துவிட்டு, தண்ணீருக்கடியில் யாரோ முணுமுணுப்பதுபோல ஒரு மிச்சத்தைக் கொடுத்தது. 24 டெசிபலிலிருந்து 6 டெசிபல் வரை குறைத்துப் பார்த்தேன். முணுமுணுப்பு சின்னதானதே தவிரப் போகவில்லை. மழையும் இரைச்சலும் ஒரே சாதி. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் பிரித்தெடுக்க நினைத்தது தவறு.

பின்னணியில் ஓர் உறுமலும் இருந்தது. 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளான 100, 150-இலும் கூர்முனைகள்: அடுத்த அறைக் குளிர்சாதனப் பெட்டி. இப்போது பதிவுக்கு முன் அதை அணைத்துவிடுகிறேன். மறுபடி போட மறக்காமல் இருக்க, வீட்டுச் சாவியை அந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். ஒலிப்பதிவாளர்களிடம் நெடுங்காலமாக இருக்கும் பழக்கம் இது. சாவி இல்லாமல் வெளியே கிளம்ப முடியாது என்பதால் ஒருமுறையும் தவறியதில்லை.

இரண்டாம் பதிப்பில் என் எண்ணம் எளிமையானது: ஒரு பதிவு மெலிந்து கேட்டால் பலவற்றை அடுக்கினால் அடர்த்தி வந்துவிடும். வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு ஜன்னல்களில் எடுத்த மழைகளை 19 டிராக்குகளில் அடுக்கினேன். கிடைத்தது இன்னும் சத்தமான ‘ஸ்ஸ்ஸ்’. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு இரைச்சல்களைச் சம அளவில் கூட்டினால் 3 டெசிபல் ஏறும், தன்மை மாறாது. நான்கைக் கூட்டினால் 6 டெசிபல். என் 19 டிராக்கும் அதைத்தான் செய்தன. இதற்கு ஒரு வால்யூம் குமிழே போதும்.

அதோடு, அகலமாகக் கேட்கட்டும் என்று ஒரே கோப்பை இரண்டாகப் பிரதி எடுத்து, ஒன்றை இடக் காதுக்கும், மற்றதை 15 மில்லிவிநாடி தள்ளி வலக் காதுக்கும் வைத்தேன். ஹெட்ஃபோனில் அருமையாக விரிந்தது. தொலைபேசியின் ஒற்றை ஒலிபெருக்கியில் போட்டால், குழாய்க்குள் பெய்யும் மழைபோல உள்ளீடற்றுப் போயிற்று. தள்ளிவைத்த பிரதியும் அசலும் ஒன்று சேரும்போது 33 ஹெர்ட்ஸில் தொடங்கி 67 ஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம் விழுந்துகொண்டே போகும், சீப்பின் பற்களைப்போல. இதற்கு மாற்று மிக எளிது, ஆனால் எனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் தோன்றியது. ஒரே பதிவின் இரண்டு வேறு பகுதிகளை எடுக்க வேண்டும். இடப் பக்கத்துக்கு நான்காம் நிமிடம், வலப் பக்கத்துக்கு ஏழாம் நிமிடம். அதே மழை, அதே மைக், அதே தன்மை. ஆனால் ஒரு துளியும் பொதுவில்லை. ஒற்றை ஒலிபெருக்கியில் சேர்ந்தாலும் எதுவும் எதையும் அழிக்காது.

இது நடந்த வாரத்தில் ஒருநாள் குடையோடு வெளியே நின்றேன். ரெக்கார்டர் கையில் இல்லை. தலைக்கு மேல் குடைத்துணி படபடத்தது. நாலடி நடந்து தகரக் கூரை ஓரம் போனால் காது நிறையத் தகரம். இன்னும் நாலடி தள்ளி, தொட்டியில் வளர்ந்த அகன்ற இலைச் செடியருகே நின்றால் கொழுத்த ‘டப் டப்’. வெறும் மண்ணில் விழுவது கேட்கவேயில்லை. அங்கே நின்றபடி எனக்கு உறைத்தது: மழைக்கென்று தனியாக ஓர் ஒலி கிடையாது. அது எதன்மேல் விழுகிறதோ அதன் ஒலிதான் மழை. இத்தனை நாளும் நான் வானத்தைப் பதிவு செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

மூன்றாம் பதிப்பு முழுவதும் இந்த ஒரு வரியிலிருந்து வந்தது. பரப்புகளைத் தனித்தனியாக எடுக்க ஆரம்பித்தேன். சாய்த்து வைத்த தகரம். தண்ணீர் நிறைந்த வாளி. கால் பங்கு மட்டும் நிறைந்த வாளி. இறுக்கிக் கட்டிய பிளாஸ்டிக் விரிப்பு. இலை. குடைக்குள்ளிருந்து குடை. கல் தரை. ஒவ்வொன்றும் ஆறு முதல் பத்து நிமிடம், மைக்குக்கும் பரப்புக்கும் 30 சென்டிமீட்டர் இடைவெளி. பிறகு அதையே இரண்டு மீட்டர் தள்ளி இன்னொரு முறை.

மைக் நனையாமல் இருக்க வேண்டும், ஆனால் அதைக் காக்கும் மறைப்பு ஒலி எழுப்பக் கூடாது. இதுதான் பதிவில் அதிகம் சோதித்த இடம். குடை பிடித்தால் குடை மட்டுமே பதிவாகிறது. ரோம உறையோடு திறந்து வைத்தால் உறைமேல் விழும் ஒவ்வொரு துளியும் ‘டொக்’. மடித்த துண்டு ஐந்து நிமிடம் நன்றாக இருந்தது. நனைந்து கனத்ததும் அதுவும் சத்தமிட ஆரம்பித்தது. கடைசியில் கைகொடுத்தது தென்னைநார். நாரை அடர்த்தியில்லாமல் இரண்டு அங்குலக் கனத்துக்குப் பரப்பி, கம்பி வலைமேல் வைத்து, ரெக்கார்டருக்கு ஒரு சாண் மேலே கட்டினேன். துளி நாரில் பட்டு உடைந்து, சத்தமில்லாமல் வழிந்து ஓரத்தில் இறங்கியது. ஓரம் பரப்புக்கு வெளியே இருக்கும்படி வலையைச் சற்றுச் சாய்க்க வேண்டும்; முதல் தடவை அதை மறந்து, வடிந்த தண்ணீர் மைக்குக்கு நேர் முன்னால் ஒழுகியது.

வாளிதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. நிறைந்த வாளியில் துளி விழுந்தால் ‘ப்ளிங்க்’ என்று தெளிவாக வர வேண்டும். எனக்குச் ‘சப்’ என்று மட்டுமே வந்தது. மைக்கை மாற்றினேன், உயரத்தை மாற்றினேன், தண்ணீர் மட்டத்தை மாற்றினேன். இரண்டு மழை வீணானது. காரணம் வாளியில் ஒட்டியிருந்த சோப்பு. துளி விழும்போது தண்ணீருக்கடியில் மாட்டிக்கொள்ளும் சின்னஞ்சிறு காற்றுக் குமிழிதான் அந்த ‘ப்ளிங்க்’கைப் பாடுகிறது, சோப்பு, நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து அந்தக் குமிழி உருவாகவிடாமல் செய்துவிடுகிறது. வாளியை நான்கு முறை அலசிய பிறகு, அதே இடம், அதே மைக், முதல் துளியிலேயே வந்தது. குமிழியின் அளவுக்கும் சுருதிக்கும் உள்ள உறவை மின்னார்ட் என்ற அறிவியலாளர் 1933-இல் கணக்கிட்டுக் கொடுத்திருக்கிறார். 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி 3,300 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலிக்கும். அதிர்வெண்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் இது எனக்கு நேரடியாகப் பயன்பட்டது. வாளி டிராக்கில் 3,000 ஹெர்ட்ஸைச் சுற்றி 2 டெசிபல் தூக்கினேன். தகரத்தில் அதே இடத்தை 3 டெசிபல் தாழ்த்தினேன். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடாமல் ஒதுங்கிக்கொண்டன.

மேசை வேலைக்கு வந்தால், முதல் ஆறு மணி நேரம் ஒரு வெட்டும் போடவில்லை. கேட்டுப் பெயர் வைத்ததோடு சரி. கோப்புறைகளுக்குத் தூறல், சாரல், அடைமழை, சொட்டு என்று பெயரிட்டேன். நம் மொழி ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கும் பிரிவுகள் இவை, வேலைக்கும் கச்சிதமாகப் பொருந்தின. காற்றில் சாய்ந்து சுவரில் அடிக்கும் சாரலையும் நேராக விழும் மழையையும் ஒரே கோப்புறையில் போட்டிருந்தால் பிறகு குழம்பியிருப்பேன். கோப்பின் பெயரில் தேதி, பரப்பு, தூரம் மூன்றும் இருக்கும்: ‘தகரம்-30செமீ’, ‘தகரம்-2மீ’. பிறகு இடியைத் தவிர எல்லாவற்றுக்கும் 80 ஹெர்ட்ஸில், அதற்குக் கீழுள்ள ஒலியைக் குறைக்கும் ஹைபாஸ் ஃபில்டர். காற்று மைக்கில் மோதும் உறுமலில் பெரும்பகுதி அதோடு போய்விட்டது.

வாகன ஒலி, நாய்க் குரைப்பு, கதவுச் சத்தம் எல்லாம் கழித்துப் பார்த்தால் சுத்தமான பகுதிகள் ஒரு நிமிடத்துக்கு மேல் நீளவில்லை. எனவே லூப், அதாவது ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது, தவிர்க்க முடியாது. முதலில் 30 விநாடித் தகர லூப் ஒன்று செய்தேன். அதில் ஒரே ஒரு துளி சற்றுக் கனமாக ‘டங்’ என்று விழுந்திருந்தது. மூன்றாவது சுற்றில் அதைக் கண்டுபிடித்துவிட்டேன். அதன் பிறகு அடுத்த ‘டங்’ எப்போது வரும் என்று காது காத்திருக்கத் தொடங்கியது. மழை போய்க் கடிகாரம் வந்துவிட்டது. இரண்டு மாற்றங்கள் செய்தேன். அடித்தள டிராக்குகளிலிருந்து தனித்துத் தெரியும் துளிகளை எல்லாம் வெட்டி எடுத்துத் தனிக் கோப்பில் சேர்த்தேன். பிறகு அவற்றைத் தேவைப்பட்ட இடத்தில் கையால் வைத்தேன். லூப்களின் நீளத்தையும் 37, 53, 71 விநாடி என்று ஒன்றையொன்று வகுக்காத எண்களாக வைத்தேன். முதல் இரண்டும் மறுபடி ஒரே இடத்தில் சந்திக்க 1,961 விநாடி ஆகும். என் மழை 500 விநாடிதான்.

லூப்பின் இரு முனைகளையும் நான்கு விநாடி கிராஸ்ஃபேடு செய்தேன்: ஒன்று தேயத் தேய மற்றது வளரும். அங்கும் ஒரு சறுக்கல்: நேர்கோட்டு ஃபேடு போட்டிருந்தேன். ஒவ்வோர் ஒட்டுக்கும் நடுவில் மழை ஒரு மூச்சு விடுவதுபோல மெலிந்தது. இரண்டு வெவ்வேறு இரைச்சல்கள் நேர்கோட்டில் கைமாறும்போது நட்டநடுவில் 3 டெசிபல் பள்ளம் விழும். ஈக்வல் பவர் என்ற வளைகோட்டுக்கு மாற்றியதும் பள்ளம் மறைந்தது. மென்பொருளில் ஒரே ஒரு சொடுக்கு. ஆனால் அதைக் கண்டுபிடிக்க 40 ஒட்டுகளைத் திரும்பக் கேட்டேன்.

முதல் துளிகள் வரும் இடத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். மழை தொடங்கும் அந்த 18 விநாடி எனக்கு மிகப் பிடித்த பகுதி. காற்று இலைகளைப் புரட்டுகிறது. ஒரு துளி. நிசப்தம். தகரத்தில் இன்னொன்று. 22 துளிகளை வைத்தேன், இடைவெளி சீராகக் குறையும்படி கணக்குப் போட்டு. கேட்டால் பந்து ஒன்று தரையில் துள்ளி அடங்குவதுபோல இருந்தது. இடைவெளிகளைக் கண்டபடி கலைத்தேன். அப்போது பட்டாணியைக் கொட்டியதுபோல. மூன்று நாள் இப்படிப் போனது. கடைசியில் உண்மையான மழை தொடங்கிய ஒரு பதிவை எடுத்து, ஒவ்வொரு துளிக்கும் ஒரு மார்க்கர் போட்டேன். அந்தப் பதிவில் பின்னணிச் சத்தம் அதிகம், நேரடியாகப் பயன்படாது. காலக் கணக்கு மட்டும் போதும். அந்த மார்க்கர்கள்மேல் என் சுத்தமான துளிகளை வைத்தேன். மூன்று துளிகள் கிட்டத்தட்ட ஒட்டி வந்தன. அதற்குப் பிறகு நான்கு விநாடி எதுவுமே இல்லை. நானாக ஒருபோதும் நான்கு விநாடி விட்டிருக்க மாட்டேன். அந்த இடைவெளிதான் மழை வரப்போகிறது என்று சொல்கிறது.

அடுக்கும்போது ஒவ்வோர் ஒலியையும் மூன்று தூரங்களில் ஒன்றில் நிறுத்தினேன். கையெட்டும் தூரம், முற்றத் தூரம், கண்ணுக்கெட்டாத தூரம். கிட்டே இருப்பவை ஒரே நேரத்தில் இரண்டுக்கு மேல் கூடாது என்று எனக்கே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: வாளி வரும்போது இலை ஒதுங்கும். தூரத்துக்கு முதலில் எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் போட்டேன், மழை ஒரு மண்டபத்துக்குள் பெய்ய ஆரம்பித்தது. திறந்த வெளியில் சுவர்கள் இல்லையே. 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே மென்மையாகச் சரித்து லெவலை இறக்கியது ஓரளவு சரியாக இருந்தது. முழுதாகச் சரியானது இன்னொரு முறையில். தகரப் பதிவை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, கதவைப் பாதி சாத்தி, அடுத்த அறையில் நான்கு மீட்டர் தள்ளி மறுபடி பதிவு செய்தேன். திரைப்பட ஒலிக்கலைஞர் வால்டர் மர்ச் இதற்கு ‘வேர்ல்டைசிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார். வாசலில் ஒதுங்கி நிற்கும் உணர்வு இந்த ஒரு டிராக்கிலிருந்துதான் வருகிறது. அதை மட்டும் மியூட் செய்தால் கேட்பவர் சட்டென்று நடுத்தெருவுக்கு வந்துவிடுகிறார்.

தொலைவுக்கு இன்னொரு வழியும் தற்செயலாகக் கிடைத்தது. தகரத் துளிகளின் தொடக்க அடியை, முதல் 40 மில்லிவிநாடியை, வெட்டிவிட்டு மிச்ச ரீங்காரத்தை மட்டும் வைத்தால் அது தகரமாகவே இல்லை. எங்கோ தூரத்தில் ஏதோ முனகுவதுபோல இருக்கிறது. 1948-இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் ஷாஃபர் மணியோசையின் தொடக்கத்தை நீக்கி இதே மாயத்தைக் கண்டார். நான் அப்படி வெட்டிய 60 ரீங்காரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படரவிட்டு, மிகத் தாழ்வாக அடியில் வைத்திருக்கிறேன். தனியாகக் கேட்டால்தான் இருப்பது தெரியும். எடுத்துவிட்டால் வானம் தட்டையாகிவிடுகிறது.

இடி. உண்மையான இடியில் நல்ல பதிவு ஒன்று இருந்தது, ஆனால் முதல் அரை விநாடி உச்சியில் மோதி வெட்டுப்பட்டிருந்தது. உருண்டு ஓயும் வால் மட்டும் நன்றாக இருந்தது. தலையை நான் செய்ய வேண்டும். நாடகக் கொட்டகைகளில் இடிக்குத் தகரத்தை உலுக்குவார்கள், அதையே செய்தேன். பீசோ தகட்டைத் தகரத்தின் மூலையில் ஒட்டி, ரெக்கார்டரின் மைக் துளையில் சொருகினேன். அடிக்கனமே இல்லாமல் டப்பா தட்டியதுபோல வந்தது. பீசோவுக்கு உயர்ந்த மின்தடையுள்ள உள்ளீடு வேண்டும், இல்லாவிட்டால் தாழ்ந்த ஒலிகள் போய்விடும். ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஆடியோ இன்டர்ஃபேஸில் கிட்டார் சொருகும் 1 மெகாஓம் உள்ளீட்டுக்கு மாற்றியதும் நெஞ்சில் அதிர்ந்தது. இதை மட்டும் 96 கிலோஹெர்ட்ஸில் எடுத்தேன், கால் வேகத்துக்கு இறக்கத் திட்டமிட்டதால். 48-இல் எடுத்துக் கால் வேகத்தில் ஓட்டினால் மேல் எல்லை 6,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், போர்வைக்குள் கேட்பதுபோல. 96-இல் 12,000 வரை இடமிருக்கிறது. மூன்று விநாடி உலுக்கல் பன்னிரண்டு விநாடி இடியானது. அதை நிஜ இடியின் வாலோடு இரண்டு விநாடி கிராஸ்ஃபேடில் சேர்த்தேன். இடி விழுவதற்கு ஒன்றரை விநாடி முன்பு மழையை 2 டெசிபல் தாழ்த்தியிருக்கிறேன். யாரும் அதைக் கவனிப்பதில்லை. இடி மட்டும் பெரிதாகிவிடுகிறது.

அடைமழைப் பகுதி வேகமாக முடிந்தது. பரப்புகள் தனித்தனியாகக் கையில் இருந்ததால் எட்டு டிராக்கே போதுமானதாக இருந்தது. ஒவ்வொன்றின் வால்யூமையும் 30, 40 விநாடிக்கு ஒருமுறை ஒன்றரை டெசிபல் ஏற்றி இறக்கினேன். மழை ஒருபோதும் ஒரே அளவில் பெய்வதில்லை.

கடைசி லெவலுக்கு முதலில் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குப் படும் சராசரி உரப்பின் அலகு) வரை தூக்கினேன். அதற்கு, உச்சங்களை அடக்கும் லிமிட்டர் இடியைப் பிடித்து நசுக்க வேண்டியிருந்தது. மழைக்கும் இடிக்கும் இடையிலிருந்த உயரமே போயிற்று. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 128 பரிந்துரை சொல்வது மைனஸ் 23. நான் மைனஸ் 24-இல் வைத்து, உச்சத்தை மைனஸ் 1-க்குள் நிறுத்தினேன். கேட்பவர் வால்யூமைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளட்டும். எம்பி3 128 கிலோபிட்டில் ஏற்றுமதி செய்ததைக் கேட்டபோது துக்கமாக இருந்தது: துளிகளெல்லாம் உலோகத்தூள்போல மினுமினுத்தன. இரைச்சல் தன்மையுள்ள ஒலியைச் சுருக்குவது அந்த முறைக்குக் கடினம். 256-இல் பெருமளவு சரியானது. சேமிப்புக்கு, தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பு வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை மாற்றப்போவதில் முதலாவது, பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் வாயால் சொல்லிவிடுவது: எந்தப் பரப்பு, எவ்வளவு தூரம், என்ன மாதிரி மழை. இரண்டு கோப்புகள் எந்தப் பரப்பென்று இன்றுவரை தெரியாமல் ஒதுங்கிக் கிடக்கின்றன. இரண்டாவது, பரப்புகளை எடுக்கும் அதே நேரத்தில் இன்னொரு ரெக்கார்டரைத் தூரத்தில் ஓடவிடுவது. கிட்டேயும் தூரேயும் ஒரே மழையாக இருந்தால், கூடுவதும் குறைவதும் தானாகவே இசைந்து போகும். நான் கையால் வரைந்த கோடுகளில் பாதி தேவைப்படாது.

மூன்றாவதுதான் எனக்கு மனக்குறை. மழை நின்றதும் நானும் ரெக்கார்டரை நிறுத்திவிட்டேன், ஒவ்வொரு முறையும். கடைசி 50 விநாடிச் சொட்டுகளுக்கு என்னிடம் இருந்தது நான்கு நிமிடப் பதிவு மட்டுமே. இறவாரம் வடிவது மழைக்குப் பின் இருபது நிமிடம், அரை மணி நேரம்கூட நீள்கிறது. சொட்டுக்கும் சொட்டுக்கும் இடைவெளி நீண்டுகொண்டே போவதை முழுதாக எடுத்திருந்தால் முடிவு இன்னும் நிதானமாக வந்திருக்கும். இப்போது பேட்டரி இரண்டு செட் சார்ஜ் ஏற்றி வைத்திருக்கிறேன். இறவாரத்தின் கீழ் வாளி இருக்கிறது, நன்றாக அலசி.